பதினோராவது பிரிவு

பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்கிறேன். கால்பந்து தெரியாது.
ஒரு மணி நேரம், இருநூறு ஸ்லோட்டி,
இரண்டு பக்கத்துக்கும் வாயாக இருந்தால் போதும் என்றார்கள்.
மூடிய சுரங்கத்துக்கு எதிரே கழக அலுவலகம்.
படியெல்லாம் கரி கலந்த பனிச்சேறு.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர் வில்செக்,
சுரங்க இயந்திரங்களை இரும்பு விலைக்கு வாங்கி
பணம் பார்த்தவர்.
அருகில் வழக்கறிஞர் ஒட்டிலியா, மூன்று நிறத்தில் பேனா.
இந்தப் பக்கம் செவெரின் ப்ரூ,
இடதுபுறத் தடுப்பாட்டக்காரன், வயது முப்பத்தொன்று,
புவாக்கேயிலிருந்து போலந்துக்கு வந்து மூன்று குளிர்காலம்.
அவனுடைய முகவர் மேசைமேல் கிடந்தார்,
கைப்பேசிக்குள், பெல்ஜியத்தில் ஓடும் ஒரு ரயிலில்.
பத்தாவது நிமிடம் ரயில் குகைக்குள் நுழைந்தது.
அத்தோடு சரி.

முதலில் சுலபம்.
மாதம் இவ்வளவு, வென்றால் இவ்வளவு,
வீட்டு வாடகையில் பாதி கழகத்துடையது.
எண்களை மொழிபெயர்ப்பதற்குச் சம்பளம் வாங்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு மருத்துவ அறிக்கையை எடுத்தார்கள்.
முழங்காலை முழம்போட்டு அளந்த நான்கு பக்கம்.
அதன் பின்னே பிரிவு பதினொன்று:
இடது முழங்காலின் பழுது காரணமாக
தொடர்ந்து ஆறு ஆட்டங்கள் தவறினால்
சம்பளம் பாதி.

பழுது.
பம்புக்கு வரும், மின்தூக்கிக்கு வரும்.
எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தேன்,
"காயம்" என்று சொன்னேன்.

ஒன்று தொடங்கினால் நிற்பதில்லை.
"இவனுக்காக வாசலில் யாரும் வரிசைகட்டி நிற்கவில்லை,
சொல்லுங்கள்" என்றார் வில்செக்.
சந்தை கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறார், என்றேன்.
"ஓட்டை வண்டிக்குப் புது வண்டி விலை."
உங்கள் அனுபவத்தில் மரியாதை உண்டு, தொகையில்தான் தயக்கம், என்றேன்.
தேள் தேளாக வாங்கி
கொடுக்கை ஒடித்து ஒடித்து அந்தப் பக்கம் விட்டேன்.
பதினெட்டு வருடம் பிள்ளைகளின் பிழை திருத்தியவள்
வாய் கூசாமல் பிழை செய்தேன்.

ப்ரூ ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தான்.
தேநீரில் எலுமிச்சையை நசுக்கினான்.
நிதானமாக, பிரெஞ்சில்:
"ஆறு வேண்டாம், பத்து ஆட்டம்.
பாதி வேண்டாம். கால் போனால் கால்வாசி போகட்டும்."
நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.
"அப்புறம் அந்தப் பழுது என்ற சொல்.
அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.
காயம் என்று போடட்டும்,
நீங்கள் சொன்ன மாதிரி."

என் காது இரண்டும் சுட்டன.
வில்செக் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.
சட்டப்படி இரண்டும் ஒன்றுதான், என்றார் ஒட்டிலியா.
"ஒன்றுதான் என்றால் மாற்றுவதில் என்ன?"
இதை மட்டும்
ஒரு எழுத்து பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

எட்டு ஆட்டம். மூன்றில் ஒரு பங்கு.
சிவப்புப் பேனா ஒரு சொல்லின்மேல் போனது,
ஓரத்தில் இரண்டு சுருக்கொப்பம்.
முகவர் ரயிலோடு திரும்பி வந்து
என்ன ஆச்சு என்ன ஆச்சு என்றார்.

படியில் எனக்கு முன்னால் இறங்கினான்,
இடது காலைக் கொஞ்சம் யோசித்து வைத்து.
கீழே நின்று, சுத்தமான சிலேசியப் பேச்சில்,
எங்கள் தெருவில் கரி சுமந்தவர்கள் பேசிய அதே இழுவையில் சொன்னான்:
"எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கலாம் இல்லையா, அம்மா.
முதல் தடவை கோபப்பட. அடுத்தது பதில் யோசிக்க.
உங்கள் தடவைதான் நன்றாக இருந்தது."

பேருந்தில் உறையைப் பிரித்தேன்.
நூற்று அறுபத்துநான்கு ஸ்லோட்டி, ஒரு துண்டுச் சீட்டு: பிடித்தம் போக.
எதற்குப் பிடித்தம் என்று போட்டிருக்கவில்லை.
திரும்பிப் போய்க் கேட்கலாம்.
அடுத்த நிறுத்தம் வந்தது.
அதற்கடுத்ததும்.